காட்டை எண்ணிக் காத்தவர்: டீட்ரிக் பிராண்டிஸ்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த நமக்கு ஆறு என்றால் அது தாமிரபரணிதான். பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளி காணும் இந்த ஆறு, கோடைமேலழகியான் அணைக்கட்டு முதல் திருவைகுண்டம் அணைக்கட்டு வரை எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் பிரிந்து, ஏறக்குறைய 86,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்கிறது. காரும் பிசானமும் இந்த ஆற்றை நம்பியே விளைகின்றன. நெல்லையும் பாளையங்கோட்டையும் தூத்துக்குடியும் குடிக்கும் நீரும் இதுவே.

அணைகளைக் கட்டியவர்களைப் பற்றி நம் வரலாற்றுப் பாடங்களில் ஓரளவு படிக்கிறோம். ஆனால் அந்த அணைகளுக்கு நீர் தருவது மலைக்காடு. அக்காடு எரிந்தால் ஆற்றுக்கும் வயலுக்கும் என்ன நட்டம்? அதைக் காக்க யார் வழி கண்டார்கள்? இவற்றை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வழி கண்டவர்களுள் முதன்மையானவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். வெப்பமண்டலக் காட்டியலின் தந்தை என்று உலகம் அவரை மதிக்கிறது. இன்று பூமியின் வெப்பம் ஏறிவருகிறது; காட்டுத் தீ பல நாடுகளில் பெருந்துயராகியிருக்கிறது. இவ்வேளையில் அவருடைய வாழ்வை அறிவது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

இளமையும் இல்லறமும்

பிராண்டிஸ் 1824ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஜெர்மனியில் பான் நகரில் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் ஆகஸ்ட் பிராண்டிஸ் பெயர்பெற்ற தத்துவப் பேராசிரியர். கிரேக்க மன்னர் ஆட்டோவுக்கு ஆலோசகராகத் தந்தை ஏதென்ஸ் நகருக்கு அழைக்கப்பட்டபோது சிறுவன் டீட்ரிக்கும் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தான். பின்னர் கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் ஆகிய நகரங்களில் உயர்கல்வி பயின்று, 1849இல் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளர் ஆனார். நூல்களோடும் உலர்ந்த செடிகளோடும் அமைதியாகக் கழிந்திருக்க வேண்டிய வாழ்வு அது.

1854இல் அவர் ரேச்சல் மார்ஷ்மன் அம்மையாரை மணந்தார். அம்மையார் வங்காளத்துச் செராம்பூரில் பணியாற்றிய ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். அவருடைய தாய் ஹானா மார்ஷ்மன், பெண் கல்வி என்ற சொல்லே அரிதாயிருந்த அக்காலத்தில் செராம்பூரில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்திய பெருமாட்டி. பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் அவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். ரேச்சலின் சகோதரியின் கணவர் ஹேவ்லாக் என்ற படைத்தலைவர். அவர் வாயிலாகப் பிராண்டிஸின் பெயர் அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு எட்டியது. 1856இல் பர்மாவின் பெகு மாநிலத் தேக்குக் காடுகளுக்குப் பிராண்டிஸ் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார்.

பர்மாவில் ஒரு கணக்கு

அந்நாளில் தேக்குக்குப் பெரும் கிராக்கி. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். சில ஆண்டுகளில் இருப்புப்பாதைகளுக்கும் மரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. காட்டில் எத்தனை மரம் இருக்கிறது, எத்தனை வெட்டலாம், வெட்டியது மீண்டும் வளர எத்தனை ஆண்டு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வரவு தெரியாமல் செலவு செய்யும் குடும்பம் எப்படி நிலைக்கும்?

பிராண்டிஸ் முதலில் மரங்களை எண்ணத் தொடங்கினார். யானை மீதேறிக் காட்டை ஊடறுத்துச் சென்றார். மழைக்காட்டில் காகிதம் நனைந்து கூழாகிவிடும். ஆகவே இடக்கையில் குச்சிகளையும் வலக்கையில் ஒரு பேனாக்கத்தியையும் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் தேக்கு மரங்களைப் பருமன் வாரியாகக் குச்சிகளில் வெட்டுக்குறியிட்டுக் கணக்கெடுத்தார். காய்ச்சலையும் அட்டைக் கடியையும் பொருட்படுத்தாமல் இவ்வாறு திரட்டிய கணக்கிலிருந்து, ஆண்டுதோறும் எத்தனை மரங்கள் முற்றுகின்றனவோ அத்தனையே வெட்டலாம் என்ற விதியை வகுத்தார். முதலைக் காப்பாற்றிக்கொண்டு வட்டியை மட்டும் செலவிடும் முறை இது.

இந்தக் கணக்கில் தீக்கும் ஓர் இடம் இருந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிக்கட்டையையும் வெட்டி, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் காயவிட்டு, பிறகே வெட்டி ஆற்றில் மிதக்கவிடுவார்கள். அவ்வாறு காய்ந்து நிற்கும் மரத்தையும், வெட்டிக் கிடக்கும் கட்டையையும் கோடைத் தீ எளிதில் பற்றிக்கொள்ளும். பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் சாம்பலாகும். தீயின் நட்டத்தைப் பணமாகக் கணக்கிட வேண்டும் என்ற எண்ணம் காட்டியலில் இப்படித்தான் வேரூன்றியது.

பர்மாவின் மலைகளில் கரேன் மக்கள் காட்டை வெட்டி எரித்து அந்தச் சாம்பலில் நெல் விதைத்துவந்தார்கள். அவர்களைக் காட்டுக்குப் பகைவர் என்றே பல அதிகாரிகள் கருதினார்கள். பிராண்டிஸ் அவர்களையே துணைக்கு அழைத்தார். நெல்லோடு தேக்குக் கன்றையும் நட்டு வளர்த்தால் கன்றுக்கு இவ்வளவு என்று கூலி தரும் முறை ஏற்பட்டது. நெல் அறுவடையாகி அம்மக்கள் வேறிடம் பெயரும்போது, அங்கே ஒரு தேக்குத் தோட்டம் எழுந்து நிற்கும். டவுங்யா என்னும் இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. தீ மூட்டத் தெரிந்தவனுக்கே தீயை அடக்கவும் தெரியும் என்பதைப் பிராண்டிஸ் அங்கே கண்டுகொண்டார்.

1863இல் ரேச்சல் அம்மையார் மறைந்தார். அந்தத் துயரத்தினூடேயும் பிராண்டிஸ் பணியை விடவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1867இல் காதரினா ஹாஸே அம்மையாரை மணந்தார்.

தீயைத் தடுக்க முடியுமா?

1864இல் இந்திய அரசின் முதல் வனத்துறைத் தலைவராகப் பிராண்டிஸ் பொறுப்பேற்றார். இமயம் முதல் தென்னாடு வரை பரந்த காடுகள் அவர் பார்வைக்கு வந்தன. எங்கு சென்றாலும் ஒரே காட்சி. கோடை வந்தால் காடு எரியும். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டி ஒருவர் தீ வைப்பார். இலுப்பைப் பூ பொறுக்கத் தரை தெரிய வேண்டும் என்று மற்றொருவர் வைப்பார். வழிப்போக்கர் சமைத்த அடுப்பை அணைக்காமல் போய்விடுவார். இதைத் தடுக்கவே முடியாது என்று அதிகாரிகளிலேயே பலர் சாதித்தார்கள்.

1860களில் மத்திய மாகாணத்தில் போரி என்னும் காட்டைக் கர்னல் பியர்சன் தீயிலிருந்து காத்துக் காட்டினார். அந்த வெற்றியைப் பிராண்டிஸ் மற்ற மாகாணங்களுக்கு எடுத்துக்காட்டாக்கினார். காட்டைச் சுற்றியும் குறுக்கேயும் அகலமான கோடுகளில் புல்லையும் சருகையும் அகற்றிவிடுவது, கோடை முதிர்வதற்கு முன்பே அக்கோடுகளைக் கவனமாக எரித்துவிடுவது, தீக்காலம் முழுவதும் காவலர்களை நிறுத்துவது என்பதே தீக்காப்பின் முறை. இன்றும் நம் மலைகளில் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது இந்த மரபைச் சேர்ந்ததே.

முறை மட்டும் போதாது; அறிந்து செய்வோர் வேண்டும். அதற்காக 1878இல் டேராடூனில் வனப்பள்ளி ஒன்றை நிறுவினார் பிராண்டிஸ். இந்நாட்டினர் காட்டியல் கற்று ரேஞ்சர்களாக வெளிவர அங்கே வழி பிறந்தது.

சென்னை மாகாணத்தில்

காடு யாருக்குச் சொந்தம் என்ற வினா அக்காலத்தில் பெரும் வழக்காக இருந்தது. காடெல்லாம் அரசின் உடைமை என்றார் பேடன்-பவல் என்ற அதிகாரி. பிராண்டிஸ் நடுவழி ஒன்றைச் சொன்னார். நாட்டுக்கு இன்றியமையாத காடுகளை அரசு காக்கட்டும். ஊருக்கு அருகிலுள்ள காடுகளை ஊராரே தங்கள் விறகுக்கும் தழைக்கும் மேய்ச்சலுக்கும் வைத்துக் காக்கட்டும் என்பது அவர் கருத்து. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேடன்-பவலின் கையே ஓங்கியது. சென்னை மாகாண அரசு அச்சட்டத்தை ஏற்கவில்லை. ஊராருக்குத் தொன்றுதொட்டுள்ள உரிமைகளை ஒரேயடியாகத் துடைத்துவிட முடியாது என்று இங்கிருந்த வருவாய்த் துறையினர் வாதிட்டு வந்திருந்தார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1881இல் பிராண்டிஸ் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய ஆலோசனையின் பயனாக 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக்காடாக அறிவிக்கும் முன் அங்கு யாருக்கு என்ன உரிமை உண்டு என்று விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்றும் விதித்தது. மறு ஆண்டு தம் பரிந்துரைகளை ஒரு விரிவான அறிக்கையாக வெளியிட்டார். ஏரியும் ஆறும் நம்பிப் பயிரிடும் இம்மாகாணத்தில் காட்டின் பயன் மரத்தோடு முடிவதில்லை என்பதையும், தண்ணீருக்கும் தழை உரத்துக்கும் எரிபொருளுக்கும் காடு வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

தாமிரபரணியின் தலைமாட்டில் உள்ள மலைக்காடுகள் இச்சட்டத்தின் கீழ்தான் காப்புக்காடுகளாயின. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அது திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. பின்னாளில் 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் சேர்ந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயிற்று.

ஆயினும் ஊர்க்காடு என்ற பிராண்டிஸின் கனவு பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. கோயில் காடுகளை மக்கள் தாமே காத்து வருவதை அவர் குடகிலும் சேலத்து மலைகளிலும் கவனித்து வியந்து எழுதியிருக்கிறார். மக்கள் தமது என்று கருதும் காட்டில் தீ வைக்க மாட்டார்கள் என்ற உண்மை அங்கே கண்கூடாக இருந்தது. அரசோ அந்த உண்மையை மிகத் தாமதமாகவே உணர்ந்தது.

எரிந்த காட்டின் விலை

தீயினால் நாம் இழப்பது எவ்வளவு? பிராண்டிஸின் வழியில் நாமும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியும் நட்டம் முதல் வரி. எரிந்த மரம், மூங்கில், தேன், புல், மேய்ச்சல் ஆகியவை அதில் சேரும். தீயணைக்கச் செல்வோரின் கூலியும் உண்டு. சில வேளை உயிரே விலையாகிறது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் மாண்டனர். அவர்களில் இளம் பெண்கள் பலர். அந்தத் துயரை நம் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வரி இனி வரவேண்டியது. தீயில் முதலில் மடிவது இளங்கன்று. பெரிய மரம் பட்டை கருகித் தப்பினாலும், அதன் இடத்தை நாளை நிரப்ப வேண்டிய கன்று இல்லாமல் போகிறது. ஆண்டுதோறும் எரியும் காடு, முதியோர் மட்டும் வாழும் ஊரைப் போன்றது.

மூன்றாம் வரி மண்ணும் நீரும். நமக்கு இதுவே முதன்மையானது. காட்டின் தரையில் சருகும் மக்கும் பஞ்சுபோல் கிடந்து மழையை உள்வாங்குகின்றன. அந்நீர் மண்ணுக்குள் இறங்கிச் சிறுகச் சிறுகச் சுனைகளில் கசிகிறது. மழையில்லா மாதங்களிலும் ஆற்றில் நீர் ஓடுவதற்குக் காரணம் இதுவே. கடுந்தீ அந்தப் பஞ்சை எரித்துவிடுகிறது. சில இடங்களில் மண்ணின் மேற்புறத்தையே நீர் இறங்காதபடி ஆக்கிவிடுகிறது. அடுத்து வரும் பெருமழை நிலத்துக்குள் இறங்காமல் சரிவில் ஓடி, மண்ணையும் சாம்பலையும் அரித்துக்கொண்டு அணைக்குள் கொட்டுகிறது. பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி என்று நாம் நாள்தோறும் செய்தித்தாளில் பார்க்கிறோம். அடியில் வண்டல் படிந்தால், அதே அடிக்கணக்கில் நிற்கும் நீர் குறைந்துபோகும்.

நம் ஊர்ப் பருவத்தையும் இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிசான அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் மலையில் சருகு காய்ந்து தீக்காலம் தொடங்குகிறது. அத்தீ தின்ற ஈரத்தைத்தான் வைகாசியிலும் ஆனியிலும் கார் நாற்றங்காலுக்கு நாம் தேடுகிறோம். மலையில் எரிவது நம் வீட்டுக் குதிர் என்று சொன்னாலும் தவறில்லை.

இந்தியாவில் காட்டுத் தீயினால் ஆண்டுக்குக் குறைந்தது 1,101 கோடி ரூபாய் நட்டம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உண்மை நட்டம் இதைவிட மிகுதி என்பதையும் அவ்வறிக்கையே ஒப்புக்கொள்கிறது. நாம் மேலே சொன்ன மண், நீர், சுனை ஆகியவற்றுக்கு முழு விலை போட்டுக் கணக்கிடுவது எளிதன்று. கணக்கில் வராத நட்டத்தைத் தடுக்கப் பணம் ஒதுக்க யாரும் முன்வருவதில்லை. ஆகவேதான் தீ வந்தபின் செலவு மிகுந்தும், தீ வருமுன் செலவு குறைந்தும் போகிறது.

இப்போது பூமியின் வெப்பம் ஏறுவதால் இந்தக் கணக்கு மேலும் கடினமாகிறது. வெயில் கூடக்கூடச் சருகு விரைவில் உலரும். வறண்ட நாட்கள் நீளும். பெய்யும்போது ஒரே மூச்சில் கொட்டும் மழை மிகும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், தாமிரபரணி கரைபுரண்டதையும் நாம் கண்டோம். அத்தகைய மழை, எரிந்து மொட்டையான மலைச்சரிவில் விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

அவருக்குப் பின் உலகம் கற்றவை

பெரியோர் ஒருவரின் வாழ்வை எழுதும்போது அவர் கட்டிய துறை செய்த பிழைகளையும் மறைக்கலாகாது. காப்புக்காடு என்ற வேலி பல இடங்களில் ஏழைகளின் விறகையும் மேய்ச்சலையும் பறித்தது. அதன் விலையை அரசும் கொடுத்தது. 1921இல் இமயமலைக் குமாவுன் பகுதியில், உரிமை இழந்த மக்கள் மனம் கொதித்து அரசுக் காடுகளுக்குத் தாங்களே தீ வைத்தார்கள். மிகப் பெரும் பரப்பு எரிந்து போயிற்று. அதன்பின் அரசு விசாரணைக் குழு அமைத்து, 1931இல் வனப் பஞ்சாயத்து முறையைக் கொண்டுவந்தது. ஊர்க்காடு என்று பிராண்டிஸ் சொல்லியிருந்ததற்கு இணையான ஒன்று, அவர் மறைந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு தீயின் வழியாக வந்து சேர்ந்தது.

மற்றொரு பாடமும் உண்டு. தீயே கூடாது என்று காத்த பர்மாத் தேக்குக் காடுகளில், சில பத்தாண்டுகளில் மூங்கிலும் புதரும் அடர்ந்து தேக்குக் கன்றுகளை அமுக்கிவிட்டன. தீக்காப்பு அளவு மீறிவிட்டது என்று 1890களிலேயே வன அதிகாரிகளிடையே குரல் எழுந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். பிராண்டிஸிடம் வழிகாட்டுதல் பெற்ற கிஃபோர்ட் பின்ஷோ என்பவர் 1905இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே இரண்டே நாட்களில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் எந்தத் தீயையும் உடனே அணைப்பதே அத்துறையின் கொள்கையாயிற்று. ஆனால் சிறு தீக்கள் எல்லாம் அணைக்கப்பட, காட்டில் எரிபொருள் சேர்ந்துகொண்டே போயிற்று. பிற்காலத்துப் பெருந்தீக்களுக்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்று அறிஞர் கூறுகின்றனர்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய மலைகளில் வாழும் சோளகர், கோடை முதிருமுன் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை நெடுங்காலமாக மூட்டி வந்தார்கள். அது தடைசெய்யப்பட்ட பின் உண்ணிச்செடி காடெங்கும் மண்டிவிட்டது என்பது அவர்கள் கூற்று.

இதனால் எல்லாக் காட்டிலும் தீ மூட்டலாம் என்று கொள்ளலாகாது. பொதிகையின் உச்சியிலுள்ள பசுமை மாறாக் காடும் சோலையும் தீயைத் தாங்கா. ஒருமுறை எரிந்தால் மீள நெடுங்காலம் ஆகும். அடிவாரத்து இலையுதிர் காடும் புல்வெளியும் வேறு இயல்பின. எந்தக் காட்டுக்கு எது பொருந்தும் என்று அந்தந்த இடத்தில் நின்று அறிய வேண்டும். யானை மீதேறி மரத்துக்கு மரம் குறியிட்ட பிராண்டிஸ் காட்டிச் சென்ற வழியும் அதுதான்.

இன்றைய காவல்

இன்று தீயைக் கண்டறிய வானிலிருந்தே கண் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ மூளும் இடங்களைக் கண்டு மாநிலங்களுக்குத் தெரிவித்து வருகிறது. பிராண்டிஸ் வனப்பள்ளி நிறுவிய அதே ஊரிலிருந்து இச்செய்தி வருவது பொருத்தமே. ஆனால் செயற்கைக்கோள் சொல்லத்தான் செய்யும். தழைக்கொத்தை ஒடித்துத் தீயை அடித்து அணைக்க மலையில் மனிதர் வேண்டும்.

நம் மலையில் காணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எந்தப் பாறையில் காற்று எப்படித் திரும்பும் என்று அவர்கள் அறிவார்கள். அடிவார ஊர்களில் 1990களில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டு, காட்டு விறகை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேறு எரிபொருளுக்கும் வேறு பிழைப்புக்கும் உதவி செய்யப்பட்டது. விறகுக்கட்டு சுமந்து மலையிறங்கிய பெண்களின் சுமை குறைந்தால் காட்டின் சுமையும் குறையும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தங்கள் காட்டைத் தாங்களே காக்கும் உரிமையைக் காடுவாழ் சமூகங்களுக்கு வழங்கியிருக்கிறது. குரங்கணித் துயருக்குப் பின் 2018இல் மலையேற்றத்துக்கும் தமிழகத்தில் விதிகள் வகுக்கப்பட்டன.

தீக்காலத்துக்கு முன்பே கோடு வெட்டும் கூலி, கோடை முழுவதும் காவலிருப்பவருக்குச் சம்பளம், அவர் காலுக்கு நல்ல பூட்ஸ் ஆகியவையே செலவு. அணையில் வண்டல் அகற்றும் செலவோடும், பொய்த்த கார் மகசூலோடும், போன உயிரோடும் ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. வெப்பம் ஏறும் காலத்துக்கு ஏற்ப நாம் மாறிக்கொள்வதன் தொடக்கம் இந்தச் சிறு செலவில் இருக்கிறது.

இறுதி ஆண்டுகள்

1883இல் பிராண்டிஸ் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1887இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. ஓய்வு என்பது பெயரளவில்தான். பல நாட்டு இளைஞர்களுக்குக் காட்டியல் கற்பித்தார். இந்திய மரங்கள் அனைத்தையும் பற்றி ஒரு பெருநூல் எழுதத் தொடங்கி, பார்வையும் உடலும் தளர்ந்த முதுமையில் பல ஆண்டுகள் உழைத்து, 1906இல் தமது 82ஆம் வயதில் வெளியிட்டார். மறு ஆண்டு மே 28ஆம் நாள், பிறந்த பான் நகரிலேயே அமைதியடைந்தார்.

பிராண்டிஸ் தம் வாழ்வில் செய்ததெல்லாம் இரண்டு செயல்களுள் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத செல்வத்தைப் பொறுமையாக எண்ணிக் கணக்கில் கொண்டுவந்தார். அந்தச் செல்வத்தின் அருகில் வாழும் எளியவரைக் காவலுக்குத் துணையாக அழைத்தார். முதற்செயலை அரசு ஏற்றது. இரண்டாவதைப் பாதியில் விட்டது. அந்த மீதிப் பாதி நம் தலைமுறையின் பங்கு.

நாம் செய்யக்கூடியவை பல. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குச் செல்லும் நம் வீட்டார், சமைத்த அடுப்பை நீரூற்றி மண்ணிட்டு அணைத்துவிட்டு எழலாம். மலையில் புகை தெரிந்தால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இராமல் வனத்துறைக்கு உடனே சொல்லலாம். கார் பயிரிடும் தந்தையர், கால்வாய்ச் சங்கத்தில் மடையைப் பற்றிப் பேசுவதோடு மலையைப் பற்றியும் ஒரு சொல் பேசலாம். 1980 முதல் இந்திய வனப் பணியில் பெண்களும் சேர்ந்து வருகிறார்கள். நம் பள்ளியிலிருந்தும் ஒரு மாணவி வன அதிகாரியாகிப் பொதிகைமலையைக் காக்கும் நாள் வரட்டும். அன்று அவள் காட்டின் கணக்கைத் தெரிந்தவளாகவும், காணிக்காரரின் பேச்சுக்குச் செவிசாய்ப்பவளாகவும் இருப்பாளாக.